மஞ்சள் பூசும் முன் கண்ணைக் காட்டு

வினோத்,

நலமா என்று கேட்டுத்தான் எப்போதும் கடிதத்தைத் தொடங்குவேன். இந்தத் தடவை கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். போன மாதம் உன் மகளின் பிறந்தநாள் படத்தை மருமகள் ரேணு அனுப்பியிருந்தாள். கேக், பலூன், பிள்ளைகள், எல்லோரும் வீட்டுக்குள்ளே நிற்கிறார்கள். நீ மட்டும் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்கிறாய். கண்வலி என்று ரேணுவிடம் சொன்னாயாம். ஞாயிற்றுக்கிழமை நீயே போன் செய்தாய். "சும்மா காமாலைதாம்மா. வெளியில சாப்பிட்டது ஒத்துக்கல. தீமிதிக்கு வரேன். அப்பா மாதிரி காப்பு கட்டிக்கறேன். பிளேன் ஏர்ற அன்னைக்கே குடிய நிறுத்திடுவேன். பத்து நாள் அம்மன் காலடியில கெடந்தா எல்லாம் எறங்கிடும்" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். சந்தோஷத்தில் அழப் போய்விட்டேன் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு வந்தது கோபம். இப்போதும் அது ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

போனில் பேசினால் பாதியில் துண்டித்துவிடுவாய். அதனால் கடிதம். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கோயில் பாட்டுப் புத்தகத்தை வைத்து, கையில் கம்பை வைத்துக்கொண்டு நான் சொல்லிக் கொடுத்த தமிழ். மெதுவாகவே படி. இந்த லவுத்தோக்காவை விட்டு ஆஸ்திரேலியாவில் இருக்கும் உன் ஊருக்கு வெள்ளிக்கிழமை விமானத்தில் போகிற பக்கத்து வீட்டுப் பெண் இதை உன் கையில் கொடுப்பாள். இதை மறைத்து வைக்கவும் வேண்டாம். இதில் சொல்லப் போவதையே இன்னொரு தாளில் எழுதி நேற்றே கோயில் கமிட்டிக்கும் கொடுத்துவிட்டேன். உன் மாமா, என் சொந்த அண்ணன், அதைப் படித்துவிட்டு என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். நிறுத்தட்டும்.

உன் அப்பாவைப் பற்றி இத்தனை வருஷமாக உனக்கு ஒரு கதை சொல்லி வளர்த்திருக்கிறோம். தீமிதி விரதத்தில் அவர் மேல் அம்மன் இறங்கினாள். அன்றோடு குடி அவரை விட்டுப் போனது. பிறகு கெட்ட தண்ணீரைக் குடித்துக் காமாலை கண்டு போய்ச் சேர்ந்தார். இந்தக் கதையை நம்பித்தான் நீ டிக்கெட் எடுத்திருக்கிறாய். கதை முழுவதும் பொய். அதில் பாதியை ஊர் சொன்னது, பாதியை நான் சொன்னேன். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. தகப்பனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை பிள்ளையிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். அது உன்னைக் கொல்ல வரும் என்று நினைக்கவில்லை.

அவர் எப்படிக் குடிகாரர் ஆனார் என்று யாரைக் கேட்டாலும் கூ நடந்ததால் என்பார்கள். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததற்கு இங்கே எல்லோர் வாயிலும் அந்த ஒரு சொல்தான். உண்மை, முதல் கூவுக்கு முன்னால் அவர் சனிக்கிழமை ரெண்டு பியரோடு நிறுத்துகிற மனிதர். கரும்புத் தோட்டம் உண்டு, தான் உண்டு என்று இருந்தார். கூ நடந்த வருஷம் அறுவடை நின்றது, சிப்பாய்கள் சாலையில் பஸ்ஸை மறித்தார்கள், நம் நிலத்தின் குத்தகை தங்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்ப ஆரம்பித்தது. கனடா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா. கிளம்புகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வழியனுப்பு விருந்து. ஆட்டுக்கறி, ரம், பியர். வாரம் தவறாமல் யாராவது போனார்கள், வாரம் தவறாமல் உன் அப்பா குடித்தார். போகிறவர்கள் மிச்ச பாட்டில்களை அவரிடமே விட்டுப் போனார்கள், விமானத்தில் கொண்டுபோக முடியாதாம். அவருடைய அண்ணனும் போனார். அன்றைக்குப் பிறகு அவருக்குக் குடிக்க விருந்தே தேவைப்படவில்லை. காலையில் பல் விளக்கியதும் ஒரு டம்ளர், அது இல்லாவிட்டால் சட்டைப் பித்தானைப் போட முடியாத அளவுக்குக் கை ஆடும். நான்தான் பித்தான் போட்டுவிடுவேன்.

கூவைச் சொல்லி அவருக்காக வக்காலத்து வாங்கியவர்களை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிகிறது. எனக்கும் அதே கூ தானே நடந்தது? சிப்பாய்கள் நம் முற்றத்தில் வந்து நின்றபோது கதவைத் திறந்தது நான். அவர் பின்கட்டில் படுத்துக் கிடந்தார். கரும்பு வெட்ட ஆள் கிடைக்காத வருஷத்தில் உன்னையும் உன் அக்காவையும் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நானே கத்தியை எடுத்து இறங்கினேன். நாடு கைவிட்டுப் போன துக்கம் அவருக்கு இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. அந்தத் துக்கத்தை என்னிடம் சொல்லி அழுதிருக்கலாம். எந்தச் சிப்பாயும் அவர் வாயைப் பிடித்து ரம்மை ஊற்றவில்லை.

கூ நடந்து மூன்றாம் வருஷம் மாமாதான் யோசனை சொன்னார். காப்புக் கட்டிக்கொள், பத்து நாள் கோயிலிலேயே தங்கு, ஒரு வேளைச் சாப்பாடு, குடி கிடையாது, பத்தாம் நாள் தீயை மிதித்து வா, அம்மன் உன்னைக் காப்பாற்றுவாள் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. முதல் நாள் மஞ்சள் வேட்டி கட்டி, கையில் காப்புக் கட்டி அவர் போய் உட்கார்ந்தபோது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. இரண்டாம் நாள் அவர் சோறு இறங்கவில்லை என்றார். உடம்பெல்லாம் வேர்த்தது. மூன்றாம் நாள் மத்தியான பூசையில், உடுக்கை அடித்துக்கொண்டிருக்கும்போது, அவர் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பல்லைக் கடித்தார். கண் மேலே சொருகியது. பிறகு, சுவரைப் பார்த்து, எறும்பு எறும்பு, பாம்பு வருது என்று ஏதேதோ பேசினார். யாரையும் அடையாளம் தெரியவில்லை. "அம்மா எறங்கிட்டா. யாரும் தொடாதீங்க. வேப்பலய எடு" என்றார் மாமா. மேளம் இன்னும் வேகமாக முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். குழந்தை இல்லாதவள் ஒருத்தி வந்து அவர் காலில் விழுந்து குறி கேட்டாள். அவர் பாம்பு என்றார். அதற்கும் பூசாரி ஒரு அர்த்தம் சொன்னார். நீ என் பக்கத்தில் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாய். உன் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கவில்லை.

அம்மனை நான் பழிக்கவில்லை. எத்தனையோ பேர் மேல் அவள் வந்து பார்த்திருக்கிறேன், கும்பிட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு உன் அப்பா மேல் வந்தது அம்மன் அல்ல. தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று குடி நின்றால் வருகிற நடுக்கம் அது. இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் அது வரும். வேர்க்கும், கை கால் ஆடும், வலிப்பு வரும், இல்லாத பூச்சியும் பாம்பும் கண்ணுக்குத் தெரியும். சிலர் அதிலேயே செத்துப் போவார்கள். ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, மருந்து கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டிய நிலைமை. நாங்கள் அதற்கு மேளம் அடித்தோம். கோயில் தரையில் ஒரு மனுஷன் சாகக் கிடந்ததை, நூறு பேர் சுற்றி நின்று கும்பிட்டோம்.

அவர் அதில் பிழைத்துக்கொண்டதுதான் எல்லோரையும் இன்னும் முட்டாளாக்கியது. ஏழாம் நாள் தெளிந்து எழுந்து உட்கார்ந்தார். பத்தாம் நாள், நெற்றி முதல் பாதம் வரை மஞ்சள் பூசி, கையில் வேப்பிலையோடு தீக்குழியைக் கடந்தார். குதிகாலில் ஒரு கொப்புளம் இல்லை. ஊரே அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. குடி போயே போய்விட்டது என்றார்கள். பதினோராம் நாள் காப்பைக் கழற்றினார்கள், பன்னிரண்டாம் நாள் மாமாவே நல்லபடியாக முடிந்ததற்கு என்று ஒரு பாட்டிலோடு வந்தார். மூன்று வாரம் கழித்து அவர் வயிறு பானைபோல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது, கால் இரண்டும் வீங்கின, மூத்திரம் பால் ஊற்றாத தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனது. நான் வாய்க்கால் ஓரத்தில் கீழாநெல்லி பறித்து, அரைத்து, மோரில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் சாப்பிட உட்கார்ந்தவர் இரத்தமாக வாந்தி எடுத்தார். தட்டு நிறைய. நீ பள்ளிக்குப் போயிருந்தாய், அந்தக் காட்சி உனக்குத் தெரியாது. கரும்பு லாரியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

அங்கே ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இங்கே எல்லோரும் பேசுகிற இந்தியில் கேட்டாள், எவ்வளவு குடிப்பார் என்று. "சனிக்கிழமை மட்டும், கொஞ்சம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் அதையே சொன்னேன். நாலாம் நாள் அவர் போய்விட்டார். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அப்போது காப்பாற்றியிருக்க முடியாது என்று அவளே பிறகு சொன்னாள். அதற்குள் ஈரல் முழுவதும் தழும்பாகிக் கல்போல் ஆகிவிட்டதாம். ஆனால் நான் ஏன் பொய் சொன்னேன் என்று கேள். அம்மன் இறங்கிய மனுஷனைக் குடிகாரன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து துக்கம் கேட்டவர்களிடம், கோயிலில் தங்கியபோது தொட்டித் தண்ணீரைக் குடித்தார், அதில்தான் காமாலை வந்தது என்றேன். தண்ணீரில் வருகிற காமாலை எல்லோருக்கும் தெரிந்ததுதானே, நம்பிவிட்டார்கள். கமிட்டிக்காரர்கள் தொட்டியை உடைத்தார்கள். தொட்டியைக் கழுவி நிரப்புகிற கிழவர், மனைவியும் இல்லாமல் பிள்ளையும் இல்லாமல் கோயில் சோற்றில் வாழ்ந்தவர், அவரை வேலையை விட்டு விரட்டினார்கள். அவர் என் வாசலில் வந்து நின்று, "நான் தெனம் தேச்சுக் கழுவுனேன் தாயி" என்று மட்டும் சொன்னார். நான் உள்ளே போய்விட்டேன். சில மாதத்தில் அவரும் செத்துப்போனார். அந்தப் பாவம் என் கணக்கில்தான் நிற்கிறது.

அதன் பிறகு உங்களைப் படிக்க வைக்க ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலைக்குச் சேர்ந்தேன், உனக்குத் தெரியும். அங்கே என்ன பார்த்தேன் என்று உனக்குச் சொன்னதில்லை. ஆண்கள் வார்டுக்குத் தட்டுக் கொண்டுபோவது என் வேலை. ஈரல் கெட்டவர்களுக்கு உப்பில்லாத தட்டு என்று தனியாக இருக்கும். அதைக் கொண்டுபோய் வைக்கிற கட்டிலில் எல்லாம் உன் அப்பாதான் படுத்திருந்தார். அதே வயிறு, அதே குச்சிக் கை, அதே கண். கரும்பு வெட்டுகிறவன், ஆபீஸ் குமாஸ்தா, போலீஸ்காரன், வாத்தியார். நர்சுகள் சொல்லச் சொல்லக் கற்றுக்கொண்டேன். மஞ்சள் தானாக ஒரு நோய் இல்லை, நோயின் அடையாளம். பழைய இரத்தம் சிதைந்து வருகிற மஞ்சள் அழுக்கை ஈரல்தான் பித்தத்தில் கலந்து வெளியே தள்ளுகிறது. ஈரல் கெட்டால் அது இரத்தத்திலேயே தங்கி முதலில் கண்ணின் வெள்ளையில் தெரியும். கெட்ட தண்ணீரில் வந்த கிருமியாக இருந்தால் ஓய்வெடுத்துச் சில வாரத்தில் பெரும்பாலும் தேறிவிடுவார்கள். குடியில் வந்தது அப்படி இல்லை. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஒரு வலியும் காட்டாமல் உள்ளே நடக்கும். முதலில் கொழுப்பு படியும், பிறகு வீங்கும், பிறகு தழும்பாகும். இரத்தம் அதற்குள் புக முடியாமல் சாப்பாட்டுக் குழாயின் இரத்த நாளங்களில் முட்டிப் புடைத்து, ஒரு நாள் வெடிக்கும். அதுதான் உன் அப்பா எடுத்த வாந்தி. வயிற்றில் நீர் சேரும். ஈரல் வடிகட்டாத விஷம் மூளைக்குப் போனால் பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோகும். கீழாநெல்லி அதற்கு ஒன்றும் செய்யாது. நான் அரைத்த அத்தனையும் வீண்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் வீட்டில் நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் உன் அப்பா திதிக்குப் படையல் போட்டேன். அவருக்குப் பிடித்தது என்று கறி, மீன், அதோடு ஒரு பாட்டில் ரம். நம் ஜனங்களிடம் அது வழக்கம், செத்தவருக்குப் பிடித்ததை வைக்காவிட்டால் குறை என்று. அவரைக் கொன்றதையே ஒரு தாம்பாளத்தில் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். உனக்குப் பதினாறு வயது இருக்கும். மாமா மூடியில் ஊற்றி, "அப்பா பிரசாதம், குடி" என்று உன் கையில் கொடுத்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்தேன். உன் முதல் குடி அது. இன்றைக்கு உன்னைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம். கேள். கேட்டுவிட்டு மேலே படி.

பல வருஷம் கழித்து, நாடாளுமன்றத்துக்குள் ஆட்களை அடைத்து வைத்த இன்னொரு கூ வந்தது, அடுத்த வருஷமே நீயும் கிளம்பினாய். உன்னைத் தடுக்கவில்லை. உனக்கும் வழியனுப்பு விருந்து வைத்தோம், அதிலும் பாட்டில்கள் உருண்டன. அங்கே போய்க் குளிரில் கிடங்கு வேலை, ஷிப்ட் வேலை, தனிமை. எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்ததால் சும்மா விட்டேன், அதுதான் தப்பு. வருஷத்துக்கு ஒரு தடவை நீ வரும்போதெல்லாம் விமான நிலையக் கடையில் வாங்கிய பாட்டிலை அப்பா படத்துக்கு முன்னால் வைப்பாய், திரும்பிப் போவதற்குள் அது காலியாகும். போன வருஷம் வந்தபோது காலையில் உன் கை ஆடியதைப் பார்த்தேன். தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தாய். வெறும் பியர்தானே அம்மா என்றாய். பியர் என்றாலும் ரம் என்றாலும் ஈரலுக்கு ஒன்றுதான், எவ்வளவு உள்ளே போகிறது என்பதுதான் விஷயம். உன் அப்பாவுக்கு ஒரு கூ காரணமாகக் கிடைத்தது, உனக்கு ஒரு ஆஸ்திரேலியா கிடைத்திருக்கிறது. வினோத், எனக்கு உன் மேல் வருகிற ஆத்திரத்தில் உன்னை இழுத்து வைத்து நாலு அறை விட வேண்டும் போலிருக்கிறது. இது என்ன நோய் என்று அவருக்குத் தெரியாது, அன்றைக்கு நம் யாருக்கும் தெரியாது. உனக்கு அங்கே தெருவுக்கொரு டாக்டர். நீ கருப்புக் கண்ணாடி வாங்கப் போயிருக்கிறாய்.

ஆகவே நான் சொல்வதைக் கேள். அந்த டிக்கெட்டை ரத்து செய். பிளேன் ஏறுகிற அன்றைக்குக் குடியை நிறுத்துவேன் என்றாயே, அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்க விடாமல் அடித்தது. நீ நிறுத்தத்தான் வேண்டும், ஒரு சொட்டும் பாக்கியில்லாமல். ஆனால் தனியாக, மருந்து இல்லாமல், ஒரே நாளில் நிறுத்திவிட்டுக் கோயில் தரையில் வந்து படுக்கக் கூடாது. காலையில் கை ஆடுகிற உடம்பை டாக்டர் பக்கத்தில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். டாக்டரிடம் போ. எல்லாவற்றையும் சொல். தலைவலி என்று நீயாக மாத்திரை வாங்கிப் போடாதே, யாரோ கொடுத்த வேரையும் இலையையும் அரைத்துக் குடிக்காதே. யங்கோனா வேர்ப் பொடியைத் தண்ணீரில் கரைத்த கிராக்கைக் குடித்தால் குடி மறக்கும் என்று யாராவது அந்தப் பொடியை அனுப்பினால் அதையும் தொடாதே, கெட்ட ஈரலுக்கு அதுவும் ஆகாது. இரத்தம் வந்தாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. உன்னைப் பயமுறுத்த மட்டும் இதை எழுதவில்லை. அந்த வார்டில் நான் தட்டு வைத்தவர்களில் பஸ் ஓட்டுகிற ஒருவன் இருந்தான். கண் மஞ்சளாக வந்தான், எவ்வளவு குடித்தேன் என்று ஒளிக்காமல் சொன்னான், மருந்தோடு நிறுத்தினான், மறுபடி தொடவே இல்லை. தழும்பான இடம் திரும்பாது, ஆனால் மிச்சமிருக்கிற ஈரல் வேலை செய்யும். இன்றைக்கும் மார்க்கெட் பக்கம் என்னைப் பார்த்தால் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். எனக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷம் வராது, வயிறு எரியும். என் வீட்டு மனுஷன் ஏன் அப்படி ஆகவில்லை என்று.

ஏன் என்று எனக்குத் தெரியும். இதை நேற்று வரை யாரிடமும் சொன்னதில்லை, மாமாவிடம்கூட. பத்தாம் நாள் தீ மிதிக்கப் போகும் முன், மஞ்சள் அரைத்தது நான். கோயில் பின்னால், பகல் வெளிச்சத்தில், அவரை உட்கார வைத்து முகத்தில் பூசியதும் நான். கன்னத்தில் பூசி, நெற்றியில் பூசி, கண்ணை மூடச் சொல்லப் போனபோது பார்த்தேன். கண்ணின் வெள்ளை வெள்ளையாக இல்லை. கையில் இருந்த மஞ்சளுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. சுற்றி எல்லோரும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் உடம்பு, வேறு யாருக்கும் அது தெரியாது. நான் ஒருத்தி பார்த்தேன். ஆஸ்பத்திரி அரை மணி நேரத் தூரம். கொட்டகையில் ஊரே காத்துக்கொண்டிருந்தது, மேளம் முழங்கிக்கொண்டிருந்தது, நீ புதுச் சட்டை போட்டு முன் வரிசையில் நின்றாய். அவமானமாகிவிடும் என்று நினைத்தேன். இன்னொரு கை மஞ்சளை அள்ளி, இமை மேலும் கண்ணைச் சுற்றியும் கெட்டியாகப் பூசி, "போங்க" என்று அனுப்பினேன்.

அதனால்தான் நேற்றுக் கமிட்டி முன்னால் போய் நின்றேன். இந்த வருஷம் காப்புக் கட்ட வருகிற ஒவ்வொருவனையும் தினமும் குடிக்கிறாயா என்று கேட்கச் சொன்னேன், மஞ்சள் பூசும் முன் வெளிச்சத்தில் நிறுத்திக் கண்ணைப் பார்க்கச் சொன்னேன். மாமா எழுந்து போய்விட்டார். பூசாரி போகவில்லை. மஞ்சள் பானை பக்கத்தில் நீங்களே நில்லுங்க அக்கா என்றார். நிற்பேன். நீ எல்லாவற்றையும் மீறி வந்தால், ஊர் பார்க்க உன் இமையை இழுத்துப் பார்ப்பேன், மஞ்சள் பூச மாட்டேன்.

தமிழில் எழுதினால் ரேணுவுக்குப் படிக்கத் தெரியாது, நம் வீட்டு மானம் நமக்குள் இருக்கும் என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தைத் தமிழில் தொடங்கினேன். ஊருக்கே கொடுத்துவிட்டு, உன்னோடு படுத்து எழுகிறவளிடம் மட்டும் மறைக்கப் பார்த்திருக்கிறேன். பாதி எழுதியதும்தான் மறுபடியும் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. பேனாவை வைத்துவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. நீ குளியலறையில் இரண்டு தடவை விழுந்ததையும், காரில் பாட்டில் ஒளித்து வைப்பதையும் அவள் சொன்னாள். அம்மாவுக்குச் சொல்லாதே என்று நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். திங்கட்கிழமை பத்து மணிக்கு டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டாள்.

டாக்டர் முதலில் கேட்கப் போவது எவ்வளவு குடிப்பாய் என்றுதான். நீ பாதியாகக் குறைத்துச் சொல்வாய், எனக்குத் தெரியும், நானும் ஒரு நாள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னவள்தான். அந்த அறையில் போனைத் திறந்து மேசை மேல் வைக்கச் சொல்லி ரேணுவிடம் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் நான் கேட்டுக்கொண்டிருப்பேன். நீ ஒரு கிளாஸ் குறைத்துச் சொன்னாலும் நான் பேச ஆரம்பிப்பேன். அந்த வார்டில் கற்றுக்கொண்ட இங்கிலீஷ் அதற்குப் போதும்.

உன் அம்மா